வந்த மாப்பிள்ளைக்குத் தலையில் முடி இல்லை

சீனாவின் லாயாங் நகரில் சுய் பாவ்லினைத் தெரியாதவர்கள் குறைவு. ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்து ஓட்டியவர். யாரிடமும் வழி கேட்கமாட்டார்; யாராவது வலிய வந்து சொன்னால் அந்த வழியில் போகவும் மாட்டார். ஒருமுறை பாலம் இடிந்துவிட்டது என்று போலீஸ்காரரே கைகாட்டி மறித்தும் நம்பாமல், பயணிகளோடு ஆற்றங்கரைவரை போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார். அந்த ஊர்ப் பேரிக்காய் மரங்கள்கூடக் காய்த்தால் வளையும், பாவ்லின் வளையமாட்டார் என்று தெருவில் பேச்சு.

அப்படிப்பட்டவரிடம் அவருடைய ஒரே மகள் யாவென், ஷாங்காயிலிருந்து போன் செய்து, அயர்லாந்துக்காரன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. மனைவி லான்யிங் கொஞ்ச நாளில் மனசைத் தேற்றிக்கொண்டாள். பாவ்லின் அசையவில்லை. கைப்பேசியில் அவன் படத்தை நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தா கண்ணு அவிஞ்சா போயிடும், கிழவா?"

"அவன் மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்? வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன் மாதிரிதான் இருப்பான்."

சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு இருவரும் வருவதாக ஏற்பாடு. பண்டிகைக் கூட்டத்தில் ஒரே ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. அவன் மத்தியானம் வருவான், யாவென் சாயங்காலம் வருவாள் என்று முடிவாயிற்று. "நான் போய் நிக்கமாட்டேன்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே, பாவ்லின் தன் மூன்று சக்கர வண்டியைத் துடைத்து, இருக்கையில் மெத்தை போட்டு, ரயில் வருவதற்கு வெகு முன்பே ஸ்டேஷன் முன்வாசலில் போய் நின்றார்.

வெளியே வந்த கூட்டத்தில் ஒரே ஒரு வெளிநாட்டுக்காரன். ஓங்குதாங்கான ஆள், கையில் கனத்த இரும்புப் பெட்டி. மாப்பிள்ளையின் பெயர் பாவ்லின் நாக்கில் நிற்காது. அதனால், "வா, வீட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொல்லிப் பெட்டியை வாங்கினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

வாசலுக்கு வந்த லான்யிங் அப்படியே நின்றுவிட்டாள். வந்தவன் தொப்பியைக் கழற்றியதும் தலை வழித்த பூசணிக்காய் போலப் பளபளத்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த நாலு முடியும் நரை. கணவரைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"போட்டோவுல கம்பளித் தொப்பிய கண்ணுவரைக்கும் இழுத்துவிட்டிருந்தானே, அதுக்கடியில இதுதானா! உன் பொண்ணு நம்மள ஏமாத்திட்டா, யாவென் அப்பா. சின்ன வயசுன்னு சொன்னாளே!"

"அந்த நாட்டுக் குளிர்ல சீக்கிரம் முத்திடுவாங்களா இருக்கும். மீன் ஆறுது பாரு."

மீனின் தலை விருந்தாளியைப் பார்க்கும்படி தட்டை வைத்தார்கள். அப்படி வைத்தால் அவன் குடித்தாக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். வெண்சோளச் சாராயத்தை வாங்கி ஒரே மடக்கில் இறக்கிவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினான். பாவ்லின் புருவம் உயர்ந்தது. மறுபடி ஊற்றினார். அதுவும் இறங்கியது. பன்றிக்கால், கொழுக்கட்டை, காரமுட்டைக்கோஸ் என்று வைத்ததையெல்லாம் ஒருகை பார்த்தான். நடுவில் சமையலறைப் புகைவிசிறி கடகடவென்று சத்தம் போட, எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, ஏதோ ஒரு திருகாணியை முடுக்கினான். வருஷக்கணக்காக அலறிய விசிறி வாயை மூடியது.

பாவ்லின் உருகிப்போனார். அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு, "கூடப் பொறந்த தம்பிகூட எனக்கு இப்படிச் செஞ்சதில்ல!" என்றார்.

"தம்பியில்ல கிழவா, மாப்பிள்ளை!" என்று லான்யிங் பல்லைக் கடித்தாள். "உன் வயசுல மாப்பிள்ளை!"

"வயசுல என்ன இருக்கு? நல்ல மனுஷன். நான் ஒத்துக்கிட்டேன். நீ குறுக்க நிக்காத."

அப்போது விருந்தாளி பணப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெருமையாகக் காட்டினான். படத்தில் அவன் ஒரு பெண்ணை இறுக்கி அணைத்தபடி நின்றான். இரண்டு பக்கமும் மீசை முளைத்த இரண்டு பையன்கள்.

லான்யிங் படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஐயோ, பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு!"

"அக்காவா இருக்கும்."

"அக்காவ எவனாவது இப்படிக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நிப்பானா?"

"அவங்க ஊர்ல நிப்பாங்க" என்றார் பாவ்லின். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

போன் அடித்தது. ரயிலிலிருந்து யாவென்.

"அப்பா, ஏன் ஸ்டேஷனுக்குப் போகல? டெக்லன் குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்கிறாராம்!"

"நிக்கிறானா? இங்க உக்காந்து பன்றிக்கால் கடிச்சுக்கிட்டிருக்கான்."

"யாரு?"

"உன் ஆளு."

"போனை அவர்கிட்ட குடுங்க" என்றாள் யாவென். விருந்தாளி வாங்கி இங்கிலீஷில் பேசினான். பேசப் பேச அவன் மொட்டைத்தலை சிவந்தது; பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் ஜெர்மன்காரன், பெயர் ரைனர். பேரிக்காய்ச் சாறு ஆலையில் பழுதான இயந்திரத்தைச் சரிசெய்ய வந்தவன். பாவ்லினை ஆலை டிரைவர் என்றும், சாப்பாட்டை ஆலைக்காரர்களின் உபசாரம் என்றும் நினைத்திருக்கிறான்.

லான்யிங் வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் டாக்சி பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினாள். பின்வாசல் வழியாக வெளியே வந்திருந்த டெக்லன், கம்பளித் தொப்பியோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். நேராகப் போனவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை, தொப்பியைப் பிடுங்கினாள். செக்கச்செவேலென்று சுருட்டை முடி நாலாபக்கமும் எழும்பி நின்றது.

"முடி!" என்று அதைக் கையால் அளைந்தாள். "பொண்டாட்டி இருக்கா உனக்கு?"

மிரண்டுபோன டெக்லனுக்கு 'பொண்டாட்டி' மட்டும் புரிந்தது. "யாவென்!" என்றான். பிறகு வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்ததைத் தப்பில்லாமல் ஒப்பித்தான். "வணக்கம் அத்தை. சாப்டீங்களா?"

லான்யிங் நடுத்தெருவில் அழுதுகொண்டே சிரித்தாள்.

சண்டைக்குத் தயாராக வீட்டுக்குள் நுழைந்த யாவென், அப்பா இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து சீட்டாட்டம் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தாள். அம்மா டெக்லன் தட்டில் கொழுக்கட்டையைக் குவித்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவனுக்கு, அதுவும் பிள்ளைகுட்டிக்காரனுக்கு, பெண்ணைக் கொடுக்க நேருமோ என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தவித்தவளுக்கு, இந்தப் பையனிடம் குறை கண்டுபிடிக்கத் தெம்பு இல்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் கல்யாணம் நடந்தது. ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்த ரைனரைப் பெண்ணின் சித்தப்பா உட்காரும் நாற்காலியில் பாவ்லினே கைபிடித்து உட்காரவைத்தார். படத்தில் இருந்தது அக்காவல்ல என்று அன்றைக்கு அவருக்கே தெரிந்துபோயிற்று.

ஆனால் தப்புச் செய்தேன் என்று இன்றுவரை அவர் ஒப்புக்கொண்டதில்லை. தெருவில் யாராவது கிண்டல் செய்தால், "ஸ்டேஷன் முன்வாசல்ல ஒரு வெளிநாட்டுக்காரன்தான் நின்னான், கூட்டிக்கிட்டு வந்தேன். மாப்பிள்ளை பின்வாசல் வழியா வந்தா அதுக்கு நானா பொறுப்பு?" என்பார்.