கழுத்தில் ஒரு தடம்

கண்காட்சிச் சாமான்கள் செய்யும் அந்தப் பட்டறையில் அவருக்கு வழவழ அக்கா என்று பெயர். பேச்சில் இல்லை, கைவேலையில். த்ரீடி பிரிண்டர் எதைத் துப்பினாலும் மேலே மெல்லிய வரிகள் இருக்கும். அக்கா உப்புத்தாளை எடுத்தால் வரி போன இடம் தெரியாது. வீட்டுக் கதவைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. "நான் மரமா இருந்திருந்தா இந்நேரம் தேஞ்சே போயிருப்பேன்" என்பார் கணவர்.

அன்று கைக்கு வந்தது இரண்டாயிரம் வருடத்துப் பானை ஒன்றின் நகல். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அசலை ஸ்கேன் செய்து அச்சிட்டது. பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் மத்தியானம் திறப்பு. சரிபார்க்க வந்த மியூசியம் மேடம் பானையின் கழுத்தை இரண்டு முறை தடவினார்.

"இங்க ஒரு கோடு இருக்கணுமே?"

"இருந்துச்சு மேடம். பிரிண்டர் கோடு. தேச்சு எடுத்துட்டேன்."

"ஐயோ, அது பானை செஞ்சவங்க கட்டைவிரல் தடம்ங்க! அதைத் தொடத்தானே வர்றாங்க!"

அக்காவுக்கு முகம் செத்துப்போனது. மண்ணுக்குள் இத்தனை காலம் பத்திரமாகக் கிடந்ததை அரை மணி நேரத்தில் காலி செய்தாயிற்று.

பிரிண்டர் ஓட்டும் மெஷின்காரர் ஒரு யோசனை சொன்னார். "பெயின்ட்காரங்க பூசுற பட்டி மாவைப் பூசி உங்க கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்துங்கக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா பட்டியைக் குழைத்தும்விட்டார். விரலைக் கொண்டுபோனவர் நிறுத்தினார். "அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியலையே. பாக்காமத்தானே தேச்சேன்? கழுத்தை மட்டும் திரும்பப் பிரிண்ட் போடுங்க."

காலையில் புதுக் கழுத்து வந்தது. அக்கா உப்புத்தாளைத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றி வந்தார். வரிகள் எல்லாம் மட்டமாக ஓடின. ஒன்று மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் மேலே ஏறி, ஓரிடத்தில் பள்ளமாகி நின்றது. "அட!" என்றார். அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தார். பழைய கழுத்தை அறுத்தெடுத்த இடத்தில் அதை ஒட்டி முடித்துப் பானையைக் கொண்டுபோய் வைக்கும்போது வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்த அம்மாவின் விரல் கழுத்தைச் சுற்றிப் போய்ப் பள்ளத்தில் நின்றது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. ஆள்காட்டி விரலும் போகவில்லை. சுண்டுவிரல்தான் பொருந்தியது.

"இது குழந்தை விரல்ங்க" என்றார்.

பட்டியில் தன் விரலை அழுத்தியிருந்தால் அந்தக் குழந்தை இருந்ததே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். ஓரமாக நின்ற அக்கா முன்னால் வந்து கேட்டேவிட்டார்.

"எத்தனை வயசு இருக்கும்ங்க?"