கம்ப்யூட்டருக்கு ஒரு பதில் வணக்கம்

எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில், என் பக்கத்து நாற்காலியில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, உட்காருவார். அடர்ந்த மீசை. எந்தப் பட்டனை அழுத்துவதற்கு முன்னும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

பட்டனை அழுத்தினால் திரையில் ‘வணக்கம்’ என்று வரவேண்டும். அதுதான் அவர் எழுதிய முதல் புரோகிராம். வகுப்பே பார்க்க அழுத்தினார். ஒன்றும் வரவில்லை.

“நீங்க அமுக்குறதுக்குள்ள புரோகிராம் ஓடி முடிஞ்சு போச்சுண்ணே. காத்திருக்கச் சொல்லலியே,” என்றேன்.

“ஓ, தோட்டத்துல காலைப் பெரட்டுல பேர் கூப்பிடுற வரைக்கும் ஆளு நிக்கிற மாதிரி நிக்கச் சொல்லணுமா? சரிலா.”

ஒரு வரி சேர்த்து, மறுபடி அழுத்தினார். வந்தது வணக்கம்! சட்டென்று எழுந்து கைகூப்பினார்.

“தோட்டத்துல நான் உட்கார்ந்தேதான் வணக்கம் வாங்குவேன். ஆனா இது மொத வார்த்த பேசுதுலா!”

நாங்கள் பாய்ந்து போய் மாறிமாறி அழுத்தினோம். ஒவ்வொரு வணக்கத்துக்கும் அவர் மீசை குலுங்க எழுந்தார்.

இன்றும் திரையில் ஒரு பட்டனைத் தட்டி ஏதாவது பதில் வந்தால், நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்துவிடுகிறேன்.