மூன்றாம் வாசல்

அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்பதற்காக அண்ணியை ஏற்றிக்கொண்டு எல்கடுவ மலைக்குப் போனேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரியாதவன் போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

அண்ணன் வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போய் மூன்று வருடம். கடைசி ஒன்றரை வருடமாக வீட்டுக்கு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வேலை பார்த்த வீட்டை விட்டுப் போய்விட்டான் என்பதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அம்மா தினமும் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தார். அண்ணி சண்டை பிடிக்கவில்லை. எட்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழும்புவார்.

ஆறு மாதத்துக்கு முன், மாத்தளையில் ஒரு கடை வாசலில் கராம்பு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அவன்தான். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். அவன் அழவில்லை. அங்கே இன்னொருத்தியோடு இருப்பதாகவும், ஒரு பையன் பிறந்துவிட்டதாகவும், இனி வரப்போவதில்லை என்றும் மளமளவென்று ஒப்பித்தான். அம்மாவின் கால் புண் ஆறிவிட்டதா என்று கேட்டான். பிறகு, “வீட்டுல சொல்லிறாத. காணாமப் போனவனாவே இருந்துட்டுப் போறேன்” என்றான். அடுத்த நாள் அந்த நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன், போகவில்லை.

நான் சொல்லவில்லை. முதலில் அம்மாவின் சர்க்கரை கூடிவிடும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு தைப்பொங்கல் முடியட்டும் என்றேன், பிறகு பிள்ளையின் பரீட்சை முடியட்டும் என்றேன். ஒரு மாதம் கழிந்த பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வேறு சேர்ந்துகொண்டது. கோழை என்று என்னை யாராவது திட்டினால் நான் மறுக்க மாட்டேன்.

இதற்கிடையில் வத்தளையில் இருக்கும் அண்ணியின் அக்கா, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தன்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டார். தையல் வேலையும் பார்த்து வைத்திருந்தார். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் எப்படிப் போவது என்று அண்ணி கேட்டார். அம்மாதான் முடிவு சொன்னார். மூன்று வாசலும் கேட்டுவிடலாம், இருக்கிறான் என்று வந்தால் காத்திரு, இல்லை என்று வந்தால் காரியம் செய்து தாலியை இறக்கிவிட்டுப் போ, நான் தடுக்க மாட்டேன் என்றார். அண்ணி தலையை ஆட்டினார். நான் சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாசல் என்பது ஒரு தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் இருக்கிற லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. பன்னிரண்டு காம்பராக்களில் ஏழில் குறி சொல்கிறார்கள். எந்தத் தலைமுறையில் தொடங்கியது என்று அவர்களுக்கே தெரியாது. சிங்களவர்கள் வருகிறார்கள், மாத்தளை முஸ்லிம் முதலாளிமார் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் இதையெல்லாம் கேலி செய்கிறவன். சட்டையைப் பிடித்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமென்றால் பொலிசுக்கு என்ன வேலை என்று அந்த வழியாக மிளகு ஏற்றப் போகும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஊர் யட்டவத்தயிலிருந்து புறப்பட்டோம். அண்ணி வழக்கம்போலப் பின்சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் அண்ணனின் நீலக் கோடு போட்ட சட்டை. விமான நிலையத்துக்குப் போன அன்று காலையில் கழற்றிப் போட்டது, இன்றுவரை துவைக்காதது. துவைக்காத உடுப்புத்தான் குறிக்கு வேண்டும் என்பார்கள். ஆனால் குறிக்காக அண்ணி அதை வைத்திருக்கவில்லை. வாசம் போய்விடும் என்று மூன்று வருடமாகப் பையின் வாயைச் சுற்றிக் கட்டி அலுமாரியில் வைத்திருந்தார். ஒருமுறை பிள்ளை அதை எடுத்துப் போட்டுக்கொண்டதற்காக அடி வாங்கியது. அண்ணி அவளை அடித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மாத்தளை தாண்டி மேலே ஏற ஏற மழை தூறியது. என் வேனில் கண்ணாடி உள்பக்கமாகப் புகை பிடிக்கும் வியாதி உண்டு. வெளியே வைப்பர் ஓடும், உள்ளே நான் கையால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஏதாவது துணி வைத்துக்கொள்ளக் கூடாதா தம்பி என்று அண்ணி கேட்டார். வாங்க வேண்டும் என்றேன். அந்தப் பயணத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான். இரண்டு இடத்தில் வண்டியை ஓரங்கட்டிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு இடத்திலும் பின்னால் பஸ் வந்தது. பஸ் வராவிட்டால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

லயத்தின் கோடியில் ஒரு பெண் நின்று வருகிறவர்களுக்கு முறை சொன்னார். வந்த விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. மூன்று வாசலுக்குப் போக வேண்டும், எந்த மூன்று என்று அவரே காட்டுவார். வாசலுக்கு வாசல் போகும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது. திரும்பும்போதும் தோட்டத்தின் கீழ்ப் பாலம் தாண்டும் வரை வாயைத் திறக்கக் கூடாது. பேசினால் எல்லாம் கலைந்துவிடும், அடுத்த வெள்ளிக்கிழமை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வாசல் ஒத்துச் சொன்னால் அதுதான் பதில்.

“ரத்த உறவு யாரு?” என்று அந்தப் பெண் கடைசியாகக் கேட்டார்.

அண்ணி என்னைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவால் மலை ஏற முடியாது என்றுதான் என்னை அனுப்பினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. வேன் ஓட்ட மட்டும் வந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாசலில் ஒரு பெரியவர் சாக்கில் உட்கார்ந்திருந்தார். சூடம் கொளுத்தினார். என் வலது மணிக்கட்டைப் பிடித்து, பிடித்த கையின் மேல் அண்ணனின் சட்டையைப் போர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். நாங்கள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. ஆம்பிளை என்றார். கடல் தாண்டியவர் என்றார். பிறகு, “மூச்சு இருக்கு” என்றார். அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சட்டைக்கு அடியில் பெரியவருடைய இரண்டு விரல் என் நாடியின் மேல் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல என் கை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சு இருக்கிறது என்பதற்கு முன் அவர் சற்று நிறுத்தியபோது என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களைப் பொறுத்தவரை ரத்த உறவின் நாடிதான் காணாமல் போனவனின் நாடி. அந்த உறவுக்காரனே விஷயம் தெரிந்தவனாக வந்து உட்காருவான் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வாசலுக்கு நடந்தோம். இடையில் இருபது அடி இஸ்தோப்பு, முன் திண்ணைதான். அந்த இருபது அடிக்குள் நான் ஒரு காரியத்தை முடிவு செய்தேன். செத்துவிட்டான் என்று வரட்டும். தாலியை இறக்கிவிட்டு அண்ணி வத்தளைக்குப் போகட்டும், பிழைத்துக்கொள்ளட்டும். காணாமல் போனவனாகவே இருக்கிறேன் என்றவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அண்ணிக்கு நல்லது செய்வதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்ற சந்தோஷமும் அதற்குள் இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது.

அங்கே இருந்தவர் கண்ணாடி போட்ட அம்மா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவராம். விரல்கள் மெத்தென்று இருந்தன. அவர் பேசத் தொடங்கியதும் நான் அப்பா செத்த நாளை நினைத்தேன். அப்பாவைக் குளிப்பாட்டியது, விரல்களை மடக்க முடியாமல் விறைத்திருந்தது, காலில் கட்டிய வெள்ளைத் துணி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வேண்டுமென்றே நினைத்தேன். மூச்சு என்று அவர் சொன்னபோது என் மனதில் அப்பாவின் முகம்தான் இருந்தது. அந்த அம்மா விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில், “குளிர்ந்து போச்சும்மா. என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்றார்.

அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவர் அழவில்லை. கழுத்தில் கையை வைத்து, தாலிக்கயிற்றை ஒருமுறை இழுத்துச் சேலைக்குள் விட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறவனுக்குக் கருமாதி செய்ய வைக்கப் போகிறேன், பிள்ளை தன் கையால் பிண்டம் வைக்கப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே சொல்லிவிட வாயைத் திறந்தேன். அண்ணி விரலை உதட்டில் வைத்துத் தலையை அசைத்தார். பேசினால் கலைந்துவிடும்.

மூன்றாம் வாசல் பூட்டியிருந்தது. அந்தப் பெண் மலையில் கொழுந்து பறிக்கிறார், எடை நிறுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார் என்று பக்கத்துக் காம்பராக்காரர் சைகையில் காட்டினார். ஒரு மணி நேரம் இஸ்தோப்பில் எதிரெதிராக நின்றோம். மூடுபனி கீழேயிருந்து ஏறி முதலில் என் வேனை மறைத்தது, பிறகு பாதையை மறைத்தது. அண்ணி சட்டை இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். நல்ல குரல் இருந்தும் பேசாமல் நிற்பது இவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு அதுவரை தெரியாது.

வந்தவர் அண்ணி வயதுப் பெண். இடுப்பில் கட்டிய சாக்கைக் கழற்றிப் போட்டு, கை கழுவி, எங்களை உள்ளே கூப்பிட்டார். எவ்வளவு கழுவினாலும் கொழுந்துக் கறை விரலில் கறுப்பாகத்தான் இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் மறுபடியும் அப்பாவை நினைக்கப் பார்த்தேன். அப்பா வரவில்லை. அண்ணி கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டதுதான் வந்தது. அந்தப் பெண் ஆண், பெண், கடல் என்று ஒன்றும் சொல்லவில்லை. சூடம் எரிந்து அணையும் வரை பிடித்திருந்தார். பிறகு சட்டையை எடுத்து மடித்து அண்ணியிடம் கொடுத்தார். நாங்கள் கொண்டுபோன வெற்றிலையையும் எலுமிச்சம்பழத்தையும் திருப்பி வைத்தார். வெற்றிலையைத் திருப்பினால் குறி சொல்ல மாட்டேன் என்று அர்த்தம்.

“நா சொல்றதுக்கு ஒண்ணுமில்லக்கா. தேடி வந்தவங்க கை நாடி இப்படி ஓடாது. இந்தக் கை பயந்து போயி ஓடுது” என்றார். என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

கீழே இறங்கினோம். அண்ணி முன்னால் போனார், நான் ஏழெட்டு அடி பின்னால். பாதை வழுக்கியது. வேனுக்கு வந்ததும் அவர் பின்கதவைத் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து அவர் என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை.

பாலம் வரை ஓட்டினேன். கண்ணாடியில் புகை பிடித்து முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டியதும் அவர் கையைக் காட்டினார். நிறுத்தினேன். பையின் கட்டை அவிழ்த்துச் சட்டையை எடுத்தார். கியரின் மேல் இருந்த என் கையைத் தூக்கி, மணிக்கட்டைப் பிடித்து, மேலே சட்டையைப் போர்த்தினார். மூன்று வாசலிலும் பார்த்ததை அப்படியே செய்தார்.

“இருக்காரான்னு கேக்க மாட்டேன் தம்பி. அது அங்கயே தெரிஞ்சுபோச்சு. எங்க இருக்காரு, யாரோட இருக்காருன்னும் கேக்க மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்ககிட்ட பேசுனாருல்ல? பிள்ளயப் பத்தி கேட்டாரா?”

இதற்கு ஆறு மாதமாக என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கேட்டான், நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டான், சொல்லும்போதே அழுதான். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்தேன், அண்ணனின் குரல்கூடப் பழகியிருந்தது. அவருடைய இரண்டு விரல் என் நாடியின் மேல் இருந்தது. குளிர்ந்த விரல்கள். நான் எதைச் சொன்னாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும்.

“இல்ல அண்ணி” என்றேன்.

அவர் கையை உடனே எடுக்கவில்லை. நான் சொன்னதைச் சரி பார்ப்பது போல இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு விட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் முன்னால் குனிந்து, அந்த நீலக் கோடு போட்ட சட்டையைச் சுருட்டி, கண்ணாடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தித் துடைத்தார். என் பக்கத்தையும் துடைத்தார். பாதை தெரிந்தது. ஈரமான சட்டையை எனக்கு முன்னால் டேஷ்போர்டில் போட்டார்.

“போங்க தம்பி. பிள்ள பாத்துக்கிட்டு இருக்கும்” என்றார்.