நீல நிழல்

ஸ்டுடியோவில் அவளுக்கு நிழலக்கா என்று பெயர். வைத்தது முதலாளி. அவளைவிடப் பதினைந்து வயது சிறியவன். அவள் அவனைத் தம்பி என்பாள். வெளிநாட்டில் இருப்பவர், லீவு கிடைக்காதவர், கோபித்துக்கொண்டு வராதவர் எல்லோரையும் வேறு படங்களிலிருந்து வெட்டியெடுத்துக் குடும்பப் படத்தில் சேர்ப்பது அவள் வேலை. வெட்டி ஒட்ட யாராலும் முடியும். ஒட்டப்பட்டவர் தரையில் நிற்க நிழல் வேண்டும். பாதத்துக்கு அடியில் அடர்த்தியாகத் தொடங்கி, தள்ளிப் போகப்போக வெளுத்து, ஓரம் கலைந்துபோக வேண்டும். சுத்தக் கறுப்பு கூடாது. சந்தேகம் வந்தால் மேசைமேல் பசை டப்பாவை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வாள்.

பதினெட்டு வருடத்தில் ஒரு படமும் திரும்பி வந்ததில்லை. அன்று ஒன்று வந்தது.

கொண்டுவந்தவள் கப்பலில் வேலை செய்பவரின் மனைவி. புது வீட்டு வாசலில் எடுத்த படம். கணவர் மட்டும் நிழலக்கா சேர்த்தவர்.

“நாங்க எல்லாரும் தரையில நிக்கிறோம். எங்க வீட்டுக்காரர் மட்டும் மை கொட்டின இடத்துல நிக்கிறாரு.”

“நிழல் அப்படித்தாம்மா இருக்கும்.”

“அப்ப எங்க நிழலுக்கெல்லாம் என்ன கேடு?”

நிழலக்கா படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லா நிழலும் ஒரே சாம்பலாகத்தான் தெரிந்தது. முதலாளியும் பார்த்தான். அடுத்து வந்த இரண்டு நிழல் வேலைகளை வெளியே கொடுத்தனுப்பினான். திட்டியிருந்தால் தேவலை.

“கை போயிடுச்சுங்க,” என்றாள் வீட்டில். “இனிமே என்னை வாசல்ல உட்கார வெச்சுப் பில் போடச் சொல்வாங்க.”

“கை எங்க போச்சு? காலையில என்கிட்ட மஞ்சள் சட்டைன்னு நீட்டினியே, அது வெள்ளைச் சட்டை,” என்றார் கணவர். “முதல்ல கண்ணைக் காட்டு.”

இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண், இரண்டு மாதம் கழித்து இடது என்றார் டாக்டர். வலது கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்த நாளெல்லாம் அவளுக்கு ஒரே பயம். கண்ணைச் சரிசெய்த பிறகும் நிழல் பிசகினால்? அப்புறம் பழிபோட எதுவும் மிச்சமில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று அதே படத்தைத் திரையில் திறந்தாள். வலது கண்ணை மூடினாள். தரை வெளுத்த டீ நிறம். கப்பல்காரர் ஒழுங்காக நின்றார். இடது கண்ணை மூடினாள். தரை பளிச்சென்று வெளுத்தது. கப்பல்காரரின் காலடியில் சொட்டு நீலம் குளமாகத் தேங்கியிருந்தது. மறுபடி வலது. மறுபடி இடது. மஞ்சள் படிந்த கண்ணுக்கு நீலமும் சாம்பலும் ஒன்றாகிப் போயிருந்தன.

“என்னக்கா, கப்பல்காரரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீங்க?” என்றான் முதலாளி.

“தம்பி, கை போகல. கண்ணுதான்!”

அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். “அப்பாடா! வெளிய குடுத்த ரெண்டையும் வந்து பாருங்க. ரெண்டு பேருமே அந்தரத்துல தொங்குறாங்க. யார்கிட்ட சொல்லி அழறதுன்னு இருந்தேன்.”

நீலத்தை உறிஞ்சியெடுத்து, தரையின் நிறத்தை உள்ளே கசியவிட்டு, குதிகாலடியில் மட்டும் கொஞ்சம் அழுத்தினாள். அரை மணி நேர வேலை. கை தானாகப் போனது.

மறுநாள் கப்பல்காரர் மனைவி வந்து புதுப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். நிழலக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போன்ல கேட்டுக்கிட்டே இருந்தாரு, படத்துல நான் எப்படி நிக்கிறேன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கால் தரையில படட்டும், சொல்றேன்னேன்.” படத்தைப் பைக்குள் வைத்தாள். “இன்னிக்குச் சொல்லிடலாம்.”

நிழலக்கா இடது கண்ணை மூடிக்கொண்டு, அந்தரத்தில் தொங்கிய இருவரில் முதலாமவரைத் திறந்தாள்.