சுல்தானா ஈன்ற கருப்பி

வேகும் கொள்ளின் வாசனையில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து சுற்று ஊர்களுக்கு "ஜட்கா" குதிரை வண்டி ஓட்டிய நைனா, சென்னையில் குதிரை லாயத்தை மூடிவிட்டுப் போன ஒருவரிடமிருந்து வாங்கி வந்த அரபுப் பெட்டைதான் சுல்தானா. பால்வெள்ளை நிறமும் நடுவில் லேசாகக் குழிந்த மூக்குமாக அவள் கடைவீதியில் வந்தால் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் சினையானதும், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடும் அவலூர்பேட்டைக்காரர் ஒருவர், பிறக்கும் குட்டி தனக்குத்தான் என்று சொல்லிவைத்தார். மழைக்காலத்தில் ஒருநாள் காலை சுல்தானா ஈன்றதோ கரி நிறத்தில் ஒரு பெட்டைக் குட்டி. பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாய்யா இது, வெள்ளக் குதிரைக்கு இப்படி ஒண்ணு? இதுமேல எந்த மாப்பிள்ள ஏறுவான்?"

அந்த வாரமே வயிறு உப்பி சுல்தானா செத்துப்போனாள். "தாயில்லாத குட்டி பொழைக்காது, யாராவது கேட்டா குடுத்துடலாம்" என்றார் நைனா. அதுவரை லாயத்துப் பக்கம் போகவே பயந்த அம்மா, ஆட்டுப்பாலைக் காய்ச்சி ஆற்றி, தம்பியின் பால்புட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பெத்தவளே பூட்டா. இத எங்க அனுப்பறது?"

கருப்பி என்று பெயர் வைத்தோம். அம்மாவின் முந்தானையைச் சப்பிக்கொண்டே அடுப்படி வரைக்கும் வந்துவிடும். மறு வருடம் அதன் கண்ணைச் சுற்றி நரை விழவும், ஏதோ நோய் என்று பயந்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனோம். டாக்டர் சிரித்தார்.

"இந்த நெறக் குதிரைங்க கருப்பாத்தான் பொறக்கும், வளர வளர வெளுக்கும்மா. இவ அம்மாவும் அப்படிப் பொறந்தவதான்."

வளர்ந்த குதிரையாகவே சுல்தானாவை வாங்கியிருந்த நைனாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் பள்ளி முடிப்பதற்குள், செத்தவளே திரும்பி வந்ததுபோல் கருப்பி வெளுத்துவிட்டாள். சேதி கேட்டு அவலூர்பேட்டைக்காரர் மறுபடி வந்தார். ஆட்டோக்கள் பெருகி ஜட்காவுக்கு ஆள் குறைந்திருந்த காலம், நைனா தயங்கினார். அம்மா தயங்கவில்லை.

"இவளத் தர மாட்டேன். இவளுக்கு ஒண்ணு பொறக்கும், கருப்பாத்தான் பொறக்கும். அப்ப வந்து கேளுங்க."

அவர் வந்து கேட்டார். கருப்பியின் முதல் குட்டி, பால் மறந்த பிறகு அவரோடு போயிற்று. அடுத்தது பனமலைக்குப் போயிற்று. அவற்றின் குட்டிகள் எங்கெங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது.

இன்று நைனா இல்லை, கருப்பி இல்லை, வண்டி இல்லை. லாயம் இருந்த இடத்தில் தம்பியின் கார் நிற்கிறது. போன வைகாசியில் எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. மேளச் சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா, வெள்ளைக் குதிரையின் லேசாகக் குழிந்த மூக்கையே வெகுநேரம் பார்த்தாள். "எட்டி நில்லு ஆயா, கடிச்சிடும்" என்றான் கயிற்றைப் பிடித்திருந்தவன். அவள் ஒதுங்கி நின்றாள்.

"நம்ம வூட்டுக் குதிரைன்னு சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"அவனுதுடி அது," என்றாள் அம்மா. "நல்லாத்தான் வச்சிருக்கான்."