அக்காவைத் தேடி நூலகத்துக்குப் போகாதீர்கள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் "பொறுமையின் வடிவம்" என்று எழுதும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே தம்பியாகிய நான் நடந்ததையே எழுதுகிறேன்.

அக்கா சேலையூரில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, நர்சிங் படித்து ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்பிள்ளையை மிலிட்டரிக்கு அனுப்புவதா என்று கேட்டு, சர்ச் வாசலில் அம்மாவை அழவைத்தவர்கள் உண்டு. அவர்களில் சிலர் கைக்கும் இம்மலர் வரும். படிக்கட்டும்.

எல்லையோர மருத்துவமனைகளில் குண்டடிபட்டு வந்தவர்களைக் கவனித்து, கேப்டனாக ஓய்வு பெற்றார்கள். பிறகு ரயில்வே குமாஸ்தாவான அத்தானோடு தாம்பரத்தில் குடியிருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதி நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு தொடங்கி, முன்னாள் படைவீரர்களின் படங்களைச் சேர்த்தார்கள். அக்கா தாம் சீருடையில் இருக்கும் படம் ஒன்றும், அத்தானோடு எடுத்த படம் ஒன்றும் கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்குப் போனால், சுவரில் இரண்டாவது படம்தான் தொங்கியது. கீழே, "முன்னாள் படைவீரர், மனைவியுடன்."

பொன்னாடை போர்த்த அத்தானை மேடைக்கு அழைத்தார்கள். அவர் நகரவில்லை.

"நான் ரயில்வேங்க. மிலிட்டரியில இருந்தது இவங்க" என்றார். கூட்டம் சிரித்தது.

நூலகக் குழுத் தலைவர் மைக்கிலேயே சொன்னார்: "நர்சம்மா கணக்கு வேற சார். இது சண்டை போட்டவங்களுக்கு. நீங்க வந்து வாங்கிக்கங்க, ஃபங்ஷன் லேட்டாவுது."

அக்கா எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினார்கள். "சண்டை போட்டவன் கால் போய் வந்தப்ப, அவனப் பிடிச்சிகிட்டு நின்னது யாருன்னு எழுதுங்க. அப்புறம் மாட்டுங்க."

எழுதவில்லை. கேட்கப்போகும்போதெல்லாம், "கமிட்டி கூடட்டும் மேடம்" என்றே பதில். புற்றுநோய் வந்து கால் ஓயும்வரை அக்கா போய்க் கேட்டார்கள். நம் உறவினர்களோ, "ஒரு போட்டோவுக்கு இவ்ளோ ரகளையா?" என்றார்கள்.

அடக்கத்தன்று அதே தலைவர் மலர்வளையத்தோடு வந்தார். "அம்மாவோட யூனிஃபார்மக் குடுத்தீங்கன்னா லைப்ரரில வெச்சிடலாம். இப்ப நர்சுங்களுக்கும் ஒரு ஷெல்ஃப் போடறோம்."

யாரிடமும் குரல் உயர்த்தாத அத்தான், அவர் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். "உயிரோட இருந்தப்ப கேட்டாங்களே சார். போங்க." மலர்வளையத்தையும் கூடவே அனுப்பிவிட்டார்.

அந்தச் சீருடையை உடுத்தித்தான் அக்காவை அடக்கம் செய்தோம்.

கடைசி மாதங்களில் வீட்டுக்கே வந்து வலி தணிய ஊசி போட்ட செவிலியர் சகோதரிக்கும், கூப்பிட்டபோதெல்லாம் காரை எடுத்த எதிர்வீட்டுக்காரருக்கும், பெங்களூரிலிருந்து வந்து கல்லறையருகே சல்யூட் அடித்து நின்ற அக்காவின் பணித்தோழியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டுள்ளது. நூலகக் குழு இதில் விடுபட்டிருப்பது அச்சுப்பிழை அல்ல.