வேலியோரம் குனிந்தவன்

ஐம்பத்து மூன்று வயதாகிறது. இன்னும் நாயைக் கண்டால் குனிகிறேன். கல் பொறுக்குவதுபோல ஒரு பாவனை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று அலுத்துக்கொண்டவருக்குத் தொழில் தெரியாது. கல்லே வேண்டாம், முதுகு வளைந்தால் போதும். எங்கள் தெருவில் எந்த நாயும் நாலு வீடு தள்ளிப் போய்த்தான் திரும்பிப் பார்க்கும். இதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. என் உடம்பு அதைக் கேட்டதும் இல்லை.

மெல்பர்னில், டார்னெய்ட்டில் இருக்கும் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று வாரத்தில் நான் பார்த்த ஆஸ்திரேலியா பெரும்பாலும் இந்திய மளிகைக் கடைகளாகவே இருந்ததால், பாவம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டு மணி நேரம் காரோட்டி ஒரு கிராமத்து மைதானத்துக்குக் கூட்டிப்போனான். ஆட்டுநாய்ப் போட்டி. ஒரு நாய், மூன்று செம்மறிகள், பதினைந்து நிமிஷம். சொந்தக்காரர் தள்ளி நின்று சீழ்க்கையடிப்பார். நாய் குரைக்காமல் கடிக்காமல் ஆடுகளை ஒரு சின்னப் பாலத்தில் ஏற்றி இறக்கி, கடைசியில் பட்டிக்குள் அடைக்க வேண்டும்.

டீ வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணிக்கு எழுபது வயதிருக்கும். காலடியில் மோவாய் நரைத்த ஒரு நாய். நான் மச்சினனுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"பயப்படாதீங்க, அவனுக்குப் பன்னிரண்டு வயசு. இன்னையோட ஓய்வு," என்றார் அவர். "பத்து வருஷமா வர்றோம். ஒரு தடவைகூட இங்கே ஆடுங்களைப் பட்டிக்குள்ள அடைச்சதில்லை. இன்னைக்கு அடைச்சிட்டான்னா அப்புறம் ஆயுசுக்கும் சோபாவிலேயே படுத்துக்கலாம்."

அவர்கள் முறை வந்தபோது நான் பட்டிக்கு நேராக வேலியோரம் நின்றேன். போட்டோ நன்றாக வருமாம். கிழட்டு நாய் அன்று பிரமாதமாக வேலை செய்தது. பாலம் முடிந்தது. ஆடுகள் பட்டி வாசலுக்கு வந்துவிட்டன. முதல் ஆடு ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டது. அந்தம்மாள் மெல்ல ஒரு சீழ்க்கை அடித்தார். ஆடுகளைப் பின்னாலிருந்து வளைப்பதற்காக நாய் வேலியை ஒட்டி, என்னை நோக்கி ஓடிவந்தது.

குனிந்தேன்.

நாய் என்னைச் சட்டைகூடச் செய்யவில்லை. அதன்மேல் வாழ்நாளில் யார் கல்லெறிந்தார்கள்? ஆனால் ஒரு தலை திடீரென்று மறைந்து கை தரைக்குப் போனதைப் பார்த்த முதல் ஆடு துள்ளித் திரும்பி, மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் பறந்தது. நாய் நாக்குத் தொங்க ஓடி, அவற்றைப் பாதி தூரம் மீட்டு வருவதற்குள் மணி அடித்துவிட்டது.

நடுவர் வேலிக்கு வந்தார். "இந்தப் பக்கம் யாராவது அசைஞ்சீங்களா? வெளியாள் இடைஞ்சல்னா இவங்களுக்கு இன்னொரு ஓட்டம் தரலாம்," என்றார்.

மேடையில் மூன்று துண்டுச்சீட்டு வந்தாலும் பேச்சை நிறுத்தாத எழுத்தாளன் நான். அன்று குனிந்த தலை நிமிராமல் ஷூவின் கயிற்றை ஆராய்ந்தேன். அது கயிறில்லாத ஷூ.

"அத்தான்..." என்று ஆரம்பித்தான் மச்சினன்.

"சும்மா இருடா," என்றேன், உதடு அசையாமல்.

நடுவர் வேலியோரம் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பரிசெல்லாம் கொடுத்து, ஆடுகளை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு எனக்கு மனசாட்சி வந்தது. அது எப்போதுமே லாரி கிளம்பிய பிறகு வருகிற ரகம். அந்தம்மாள் நாயை இரண்டு கையாலும் தூக்கி வண்டியின் முன்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நாயால் தாவி ஏற முடியவில்லை. எங்கள் ஊரில் நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள உறவை, முதுகை வளைப்பதன் தத்துவத்தையெல்லாம் விளக்கி, மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும். நீங்க குனிஞ்சதை நான் பார்த்தேன்," என்றார்.

"அப்போ நடுவர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்வீங்கன்னு நினைச்சேன்."

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நாய் அதற்குள் தூங்கிவிட்டது.

திரும்பும் வழியில், வீட்டுக்குப் பக்கத்து ட்ருகனினா கிடங்குகள் தெரிய ஆரம்பித்தபோது மச்சினன் தொண்டையைச் செருமினான்.

"அத்தான், ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு." எந்தத் திட்டானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"எப்படியும் இதை எழுதுவீங்க. எழுதும்போது, குனிஞ்சது மச்சினன்னு போட்டுறாதீங்க."